பால் பொங்கி வெடித்த மயில்

அன்பான மச்சாளுக்கு,

லண்டன் குட்மேய்ஸ் மகாராணி சுகந்தானே? இங்கே தோர்ண்டன் ஹீத்தில் உம்முடைய அண்ணர் நன்றாகத் தேறிவிட்டார். என் சமையலுக்குக் குறை சொல்லத் தொடங்கிவிட்டார் என்றால் பாருமன்!

விஷயம் இதுதான். மயில் திரும்பி வந்துவிட்டது!

இந்த வீட்டுக்குக் குடிபுகுந்த அன்று நீர் பயர்பிளேசுக்குள் பால் காய்ச்ச, அது பொங்கி ஊற்றி, சுற்றிவரப் பதித்திருந்த விக்டோரியா ராணி காலத்து மயில் டைல்களில் ஒன்று வெடித்ததே, அதேதான். அபசகுனம் என்றார் பெரியமாமி. அடுத்த மாதம் அண்ணர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். அதற்குப் பிறகு நீர் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. மச்சாள், அவர் நெஞ்சை அடைத்தது பால் இல்லை, சிகரெட்.

அதே மாதிரி ஒரு டைல் செய்யப் பழக, நான் மாலை வகுப்பில் மண் பிசையப் போனேன். உடைந்த துண்டின் பின்பக்க முத்திரையைப் பார்த்த ரீச்சர், அதைச் செய்த அந்தக் காலத்துக் குயவரின் சூளை ஒருமுறை கூரையையே எரித்ததாகவும், மனிதர் புதுக் கூரை போட்டு மறுபடி தீ மூட்டியதாகவும் சொன்னார்.

"அப்ப அவர் எங்கட ஆள்தான்" என்றேன்.

என் முதல் மயில் காகமாக வந்தது. அடுத்தது வெடித்தது. நேற்றுச் சூளையைத் திறந்தால், அந்தப் பழைய நீலம் அப்படியே மினுங்குகிறது! ரீச்சரைக் கட்டிப்பிடித்து ஆடிவிட்டேன்.

பழைய மயில்களுக்கு நடுவே பதித்தும் ஆயிற்று. "இஞ்சாரும், இதில எது புதுசு?" என்று அண்ணர் கண்ணாடி போட்டுத் தேடுகிறார். பிடிபடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்து நீர் கண்டுபிடியும். வென்றால் நண்டுக்கறி. தோற்றால் அதே இடத்தில் மறுபடி பால் காய்ச்ச வேண்டும். வெடித்தால் வெடிக்கட்டும், இன்னொரு மயில் செய்ய எனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
மயில் சுட்ட உம்முடைய மச்சாள்