மரணாதாரச் சங்கத்தில் அம்மாவின் பெயர்

ஐயா,

இவ்வளவு காலம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். போன கிழமை குண்டசாலையில் உங்கள் வீட்டு முற்றத்தில் ஒரு நீலப் பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் உள்ளே பெட்டியில் கிடந்தீர்கள். எனக்கு முன்னால் இருந்த கதிரையின் முதுகில் உங்கள் வீதி மரணாதாரச் சங்கத்தின் பெயர் வெள்ளை எழுத்தில் இருந்தது. கூடாரத்தின் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தவரிடம், "போதகர் ஐயா சங்கத்துல மெம்பரா?" என்று கேட்டேன்.

"குடிவந்த நாள்லருந்தே. ஒரு மாசச் சந்தாகூட பிந்துனதில்லீங்க," என்றார் பெருமையாக.

தேத்தண்ணி கொண்டுவந்து நீட்டினார்கள். நான் எடுக்கவில்லை.

காசைப் பொறுப்பாகக் கையாளக் கற்றுத்தந்த உங்கள் உக்கிராணத்துவ வகுப்பில் அம்மாவும் நானும் இருந்தோம். ஆராதனை முடிந்த பிறகு சபை மண்டபத்தில், ஆறு ஞாயிறுகள். "கையில இருக்கிறது உங்களுது இல்ல, ஆண்டவருது. நீங்க பாத்துக்கிற ஆள், அவ்வளவுதான்" என்பீர்கள். வீட்டுச் செலவுகளைத் தாளில் எழுதிவரச் சொல்லி, அதை எல்லார் முன்னாலும் வாசித்து, வேண்டாத வரிகளைச் சிவப்புப் பேனாவால் வெட்டுவீர்கள். ஒருவர் காலுக்கு வாங்கிய சப்பாத்தை நீங்கள் வாசித்த விதத்தில் மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அம்மாவுக்கு எழுத வராது. தாளை நான்தான் எழுதியிருந்தேன். பாதியில் உங்கள் பேனா நின்றது.

"இது என்னாம்மா, சாவுக்கு அட்வான்சா?"

"தோட்டத்து மரணாதாரச் சங்கங்கய்யா. சாவு வீட்டுக்கு கூடாரம், கதிரை, குழி வெட்டுறது எல்லாம் அவங்கதான். நானும் போயி தேத்தண்ணி ஊத்துவேன், சட்டி கழுவுவேன். இருவது வருசமா போறேன்."

"அங்க மேளம் அடிக்கிறதுக்கும் உங்க காசுதானே போகுது? நமக்கு சபை இருக்கும்மா. சபைதான் நம்ம மரணாதாரச் சங்கம்."

அம்மா என்னைப் பார்த்தார். வீட்டில் படித்தவன் நான். "ஐயா சொல்றது சரிதாம்மா" என்றேன். நீங்கள் அந்த வரியை வெட்டி, அங்கிருந்து ஓர் அம்புக்குறி போட்டுச் சபைக் கட்டட நிதிக்கு இழுத்தீர்கள். சங்கத்தில் பெயரை வெட்டச் சொல்லப் போனதும் நான்தான். அம்மா வரவில்லை. அதன் பிறகு சாவு வீடுகளுக்குப் போனால், உள்ளே போகாமல் வாசலில் நின்றுவிட்டுத் திரும்பிவிடுவாராம். இதைப் பின்னால்தான் கேள்விப்பட்டேன்.

இரண்டு வருடம் கழித்து, விடாத மழையில் அம்மா போனார். தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீட்டுக்கு முன்னால் கூடாரம் இல்லை, கதிரை இல்லை. அம்மாவின் கையால் தேத்தண்ணி குடித்த கிழவிகள் எதிர் லயத்துத் தாழ்வாரத்தில் ஒதுங்கி நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். அடுத்த வீட்டுக்காரர்தான் சங்கத்துச் செயலாளர். என் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, பேரு வெட்டுன வீட்டுக்கு சாமான் குடுத்தா நாளைக்கு மத்தவங்க கேப்பாங்க. நான் வாறேன், என் தோளு வரும். சங்கம் வர ஏலாது" என்றார்.

நீங்கள் நாலு பேருடனும் ஒரு மலர்வளையத்துடனும் வந்தீர்கள். பரலோகத்தில் பொக்கிஷம் சேர்ப்பதைப் பற்றி அரை மணித்தியாலம் பேசினீர்கள். பேராதனையில் வகுப்பு இருந்ததால் அடக்கத்துக்கு முன்பே புறப்பட்டீர்கள். நான் கண்டியிலிருந்து கூலிக்குப் பிடித்து வந்த இருவரும் குழியைக் கட்டையாக வெட்டிவிட்டார்கள். இறக்கிய பெட்டியை வெளியே எடுத்து வைத்து மறுபடி வெட்டினார்கள். அதுவரை அம்மா குழிக்குப் பக்கத்தில் மழையில் கிடந்தார்.

அடுத்த ஞாயிறு உங்களிடம் கேட்டேன். "தம்பி, நான் ஆலோசனைதான் சொன்னேன். முடிவெடுத்தது நீங்க" என்றீர்கள். அது உண்மை. அதனால்தான் உங்களை மன்னிக்க முடியவில்லை. அன்றைக்கு நீங்கள் சொன்னதைவிட எனக்கு நீங்கள் சொல்லாததுதான் இப்போது வலிக்கிறது: உங்கள் வீட்டுத் தாளில் அந்த வரி வெட்டப்படாமலே இருந்தது. அதை யாருக்கும் நீங்கள் வாசித்துக் காட்டவில்லை.

நீங்கள் கற்றுத்தந்த பழக்கம் மட்டும் விடவில்லை. சம்பள நாளில் இன்றும் உறைகளில் பிரித்து வைக்கிறேன். "மிஞ்சினத குடுக்காதீங்க, முதல்ல எடுத்து வைங்க" என்ற உங்கள் குரல் காதில் கேட்க, முதல் உறையை எடுத்து வைக்கிறேன். அது என் வீதிச் சங்கத்துச் சந்தா. உங்கள் சபைக்கு உறை இல்லை.

உங்கள் நினைவு மலருக்குச் சபையார் மடல் கேட்டிருக்கிறார்கள். இதைத்தான் அனுப்பப் போகிறேன். பெயர் போட்டால், "அவனா, அவனுக்கு எப்பவும் கோவம்" என்று மடித்து வைத்துவிடுவார்கள். போடாவிட்டால், அந்த ஆறு ஞாயிறுகளில் தாள் நீட்டிய ஒவ்வொரு வீட்டையும் அவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டியிருக்கும். கீழே கையெழுத்து இல்லை. முத்திரை ஒட்டியாயிற்று.