வலிக்கலை, அதனால சொல்லலை

மார்ச் 4

என்னங்க,

கடிதத்தில் உங்களை எப்படிக் கூப்பிடுவது என்று பத்து நிமிடம் யோசித்தேன். இருபது வருடமாக ‘என்னங்க’ என்றே காலத்தை ஓட்டிவிட்டேன். அதையே எழுதியும் விட்டேன், சிரிக்காதீர்கள்.

தினமும்தான் போனில் முகம் பார்க்கிறோமே, கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் நம் இருவருக்கும் நடுவில் பாப்பா உட்கார்ந்திருக்கிறாள். பதினேழு வயதுப் பெண்ணை ‘கொஞ்சம் வெளியே போய் நில்லு’ என்று எப்படிச் சொல்வது? காகிதத்துக்குக் காது இல்லை.

பதினோரு வருடமாக இந்த ஊர் ஆஸ்பத்திரியின் ஆண்கள் வார்டில் நர்ஸாக ஊசி போட்டுக்கொண்டிருக்கிறேன். வருடத்துக்கு ஒரு மாதம் லீவு. அந்த ஒரு மாதத்தை நினைத்துத்தான் மீதி மாதங்களைத் தள்ளுகிறேன், உங்களுக்கே தெரியும். இந்த முறை வந்த அன்றைக்கே நீங்கள் ஹாலில் விரிப்பைப் போட்டுவிட்டீர்கள். “முதுகு வலி, தரையில படுத்தாத்தான் சரியாகும்” என்றீர்கள். ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் இல்லை, முப்பது நாள். சமையலறையில் உங்கள் தோளில் கை வைத்தேன். நெருப்புப் பட்ட மாதிரி விலகினீர்கள். விமான நிலையத்தில் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் கடிகாரத்தைப் பார்த்தீர்கள்.

விமானத்தில் பக்கத்து இருக்கைப் பெண் கைக்குட்டை கொடுக்கிற அளவுக்கு அழுதேன்.

நான் என்ன தப்பு செய்தேன்? அதை மட்டும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி


மார்ச் 19

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

இங்கே நான், பாப்பா, என் லேத் மெஷின் மூவரும் சுகம். உன் சுகத்துக்கு எழுதவும்.

கடிதம் வந்தது. பாப்பா உறையைப் பார்த்துவிட்டு, “என்னப்பா, அம்மா பழைய காலத்துக்குப் போயிட்டாங்களா?” என்று கிண்டல் செய்தாள். பரீட்சைக்கு ஒழுங்காகப் படிக்கிறாள். அப்பா மாதிரி கையெழுத்து, அம்மா மாதிரி வாய்.

சமையலறைக் குழாய் ஒழுகுவதைச் சரிசெய்துவிட்டேன். நீ இருந்த மாதம் முழுக்க ஒழுகியதே, அப்போது ஏன் செய்யவில்லை என்று கேட்காதே. பட்டறையில் வேலை தலைக்கு மேல் இருக்கிறது. நம் வெல்டர் உன்னை விசாரித்தான். தங்கச்சி நல்லா இருக்காளா, போனா வந்தான்னு ஒரு வார்த்தை சொல்றதில்லையே என்று குறைப்பட்டுக்கொண்டான்.

நீ எந்தத் தப்பும் செய்யவில்லை. முதுகுதான். நாற்பத்தாறு வயசாகிறது, உடம்பென்ன இரும்பா? வீணாக மனசைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே. நேரத்துக்குச் சாப்பிடு.

உன் நீலத் துண்டைக் கொடியிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறாய். மடித்து அலமாரியில் வை என்று பாப்பாவிடம் சொன்னேன். அவள் எடுக்கப் போனதும் வேண்டாம் என்றேன். அது பாட்டுக்குக் கிடக்கட்டும்.

அன்புடன்,
உன் வீட்டுக்காரன்


ஏப்ரல் 2

என்னங்க,

முதுகு வலிக்காரர் லேத் முன்னால் எட்டு மணி நேரம் எப்படி நிற்கிறார்? நானும் இருபது வருடமாக நர்ஸ். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறீர்கள்.

பாப்பா சொன்னாள், அப்பா குளிக்கப் போனால் அரை மணி நேரம் வெளியே வருவதில்லையாம். கேட்டால் எரிந்து விழுகிறாராம். நீங்கள் அவளிடம் எரிந்து விழுந்து நான் பார்த்ததே இல்லை.

கேட்கக் கூசுகிறது, ஆனாலும் கேட்கிறேன். மனசுக்குப் பிடித்தவள் வேறு யாராவது இருக்கிறாளா? இருந்தால் சொல்லிவிடுங்கள். வருடம் முழுக்கத் தனியாக விட்டுவிட்டு ஒரு மாதம் வந்து தலைகாட்டுகிறவளுக்கு இதைக் கேட்கிற உரிமை இருக்கிறதா என்றுகூடத் தெரியவில்லை. ஆனால் ‘முதுகு’ என்று மட்டும் இன்னொரு தடவை எழுதாதீர்கள்.

வார்டிலும் மனசு சரியில்லை. ஏழாம் படுக்கைக்கு ஒரு லாரி டிரைவர் வந்திருக்கிறார். உங்கள் வயதுதான். இருமல் என்று வந்தார். எக்ஸ்ரே எடுத்தால் நுரையீரல் இரண்டிலும் வெள்ளை வெள்ளையாக இருக்கிறது. டாக்டர் தேடிக்கொண்டே போனார், கடைசியில் விரையில் ஒரு கட்டி. இரண்டு வருடமாக இருக்கிறதாம். டாக்டர் கேட்டபோது சுவரையே பார்த்துக்கொண்டிருந்த மனுஷன், அவர் போனதும் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: “வலிக்கலையே சிஸ்டர். வலிச்சாத்தானே வியாதி? அதுவும் அந்த இடத்தை யார்கிட்டப் போய்க் காட்டுறது?”

அவர் மனைவி வராந்தாவில் நின்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். “என்கிட்டகூடச் சொல்லலையே சிஸ்டர். நான் என்ன ஊருக்கா தம்பட்டம் அடிச்சிருப்பேன்?” என்று கேட்டாள். இப்போதும் வைத்தியம் இருக்கிறது, ஆனால் பெரிய வைத்தியம். கையில் தட்டுப்பட்ட அன்றைக்கே வந்திருந்தால் சின்ன ஆபரேஷனோடு போயிருக்கும் என்றார் டாக்டர்.

இதை உங்களுக்கு எதற்கு எழுதுகிறேன்? யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. ஒரு காலத்தில் எதையும் முதலில் உங்களிடம்தான் சொல்வேன்.

இப்படிக்கு,
பதிலுக்குக் காத்திருக்கும் மனைவி


ஏப்ரல் 17

அன்புள்ளவளுக்கு,

உன் கடிதத்தைத் திங்கட்கிழமை டீ நேரத்தில் லேத்துக்குப் பின்னால் நின்று படித்தேன். லாரி டிரைவர் வந்த இடத்தை மறுபடி முதலிலிருந்து படித்தேன். இரும்புத்தூள் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தேன்.

வேறு யாரும் இல்லை. சத்தியமாக இல்லை. அந்த டிரைவருக்கு இருந்தது எனக்கும் இருக்கிறது.

டிசம்பரில் சோப்பு போடும்போது தட்டுப்பட்டது. இடது பக்கம், பட்டாணி அளவு, கல் மாதிரி. வலிக்கவில்லை. தானாகக் கரைந்துவிடும் என்று தினமும் தொட்டுப் பார்த்தேன். குளியலறையில் அரை மணி நேரம் ஆனது அதனால்தான். அது கரையவில்லை. இரண்டு வாரத்தில் நீ வந்துவிட்டாய். உன் கை நோயாளிகளைத் தொட்டுத் தொட்டுப் பழகிய கை. கிட்டே விட்டால் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவாய். அதுதான் விலகினேன். நீ உள்ளே, நான் ஹாலில். முப்பது நாளும் அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். உன்னை வெறுத்தா விலகியிருப்பேன்?

சொன்னால் வேலையை விட்டுவிட்டு வந்துவிடுவாய் என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். நிஜக் காரணம் வெட்கம். அங்கே கத்தி வைத்த பிறகு நான் ஆம்பளைதானா என்ற பயம். இதை எழுதும்போதே முகம் சுடுகிறது.

அன்றைக்கு வெல்டர் வந்து, “என்னடா, பேயறைஞ்ச மாதிரி உட்கார்ந்திருக்கே?” என்றான். உன் கடிதத்தில் டிரைவர் பகுதியை மட்டும் மடித்து நீட்டினேன். படித்துவிட்டு, “பாவம், யாருடா இந்த ஆளு?” என்றான்.

“யாரோ. ஆனா எனக்கும் அதே இடத்துல இருக்குடா” என்றேன்.

எதற்கெடுத்தாலும் சிரிக்கிறவன், சிரிக்கவில்லை. “எத்தனை நாளா?”

“நாலு மாசம்.”

“மெஷின்ல சத்தம் கொஞ்சம் மாறினா ஓடி வந்து ஆஃப் பண்றவன்டா நீ. எந்திரி” என்று என் சட்டையைப் பிடித்துத் தூக்கினான். அந்த அழுக்கு உடையோடு பைக்கில் உட்கார வைத்துக் கூட்டிக்கொண்டு போனான்.

டாக்டர் சின்னப் பையன் மாதிரி இருந்தார். கூச்சத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவருக்கு அது கை விரலைப் பார்க்கிற மாதிரிதான், ஒரு நிமிட வேலை. ரத்தம், ஸ்கேன் எல்லாம் ஆயிற்று. வரும் புதன்கிழமை ஆபரேஷன். அந்தப் பக்கத்தை முழுதாக எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள்.

இந்தக் கடிதம் உனக்குத் தாமதமாகத்தான் வரும். ஞாயிற்றுக்கிழமை போனில் சொல்லப் பார்க்கிறேன். அதற்கு முன் பாப்பாவிடம் சொல்ல வேண்டும். நாக்கு எழ வேண்டுமே என்று பயமாக இருக்கிறது.

மன்னித்துவிடு.

உன்னவன்


ஏப்ரல் 29

என்னங்க,

கடிதம் இன்றைக்கு வந்தது. நீங்கள் போனில் எல்லாம் சொல்லிவிட்டீர்கள்தான். ஆனாலும் நான்கு முறை படித்தேன்.

அந்தப் புதன்கிழமை நீங்கள் ஆபரேஷன் தியேட்டருக்குள் இருந்த நேரம், நான் இங்கே யாரோ ஒருவரை ஆபரேஷனுக்குத் தயார் செய்துகொண்டிருந்தேன். லீவு கேட்டுப் பார்த்தேன். இரண்டு நர்ஸ் குறைவு, நீயும் இப்போதுதானே போய் வந்தாய் என்று எங்கள் தலைமை நர்ஸ் மேட்ரன் மறுத்துவிட்டார். நீங்களும் வழக்கம்போல ‘வராதே, நாங்க பாத்துக்கிறோம்’ என்றீர்கள். நான் தயார் செய்த அந்த ஆளுக்குப் பயமாக இருந்திருக்கிறது. என் கையை விடவே இல்லை. நானும் எடுக்கவில்லை.

வார்டுக்கு வருகிற ஒவ்வொருவரிடமும், “வேற ஏதாவது தொந்தரவு இருக்கா? கூச்சப்படாமச் சொல்லுங்க” என்று கேட்பேன். அது வாய்ப்பாடு மாதிரி வரும். என் புருஷனிடம் ஒரு தடவை கேட்டதில்லை. முப்பது நாளும் என்னையே நினைத்து அழுதேன், உங்களைப் பார்க்கவில்லை. மன்னிப்பு நான்தான் கேட்க வேண்டும்.

ஏழாம் படுக்கைக்காரரிடம், அவர் கதையைப் படித்துத்தான் நீங்கள் டாக்டரிடம் போனீர்கள் என்று சொன்னேன். “என்னாலயா சிஸ்டர்?” என்று இரண்டு முறை கேட்டுவிட்டு மனைவியைத் திரும்பிப் பார்த்தார். வந்த நாளிலிருந்து அவர் நிமிர்ந்து உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

நீங்கள் ஆம்பளைதானா என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கெல்லாம் தபாலில் பதில் எழுத முடியாது.

தையல் பிரிகிற மாதிரி எதையும் தூக்காதீர்கள்.

உங்களவள்


மே 20

அன்புள்ள என் டாக்டரம்மாவுக்கு,

நேற்று கடைசி ரிப்போர்ட்டும் வந்துவிட்டது. அது கெட்ட கட்டிதான். ஆனால் வேறெங்கும் பரவவில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ரத்தமும் ஸ்கேனும் பார்த்தால் போதும் என்றார் டாக்டர். ஆஸ்பத்திரி வராந்தாவில் வெல்டர் முன்னால் நின்று அழுதுவிட்டேன். அவனும் அழுதான். கேட்டால் வெல்டிங் பொறி பட்ட கண் என்பான்.

வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டேன், கனமான வேலை இல்லை. எனக்குக் குடலிறக்கம் என்று வெல்டர் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தான். டீ நேரத்தில் அதைப் பற்றி விசாரித்தார்கள். தலையாட்டிவிட்டுப் போயிருக்கலாம். என்னமோ தோன்றியது, “குடலிறக்கம் இல்லப்பா” என்று ஆரம்பித்து உள்ளதைச் சொல்லிவிட்டேன். யாரும் டீயைக் குடிக்கவில்லை. பிறகு ஒருத்தன், “அப்ப இனிமே ஒத்தை மாட்டு வண்டியாண்ணே?” என்றான். பட்டறையே சிரித்தது. நானும் சிரித்தேன், தையல் சுரீர் என்றது.

சாயங்காலம் பெயிண்டர் ஸ்பேனர் இரவல் கேட்க வந்தான். பெயிண்டருக்கு எதற்கு ஸ்பேனர்? கொஞ்ச நேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “அண்ணே, மூணு மாசமா ஒண்ணுக்குப் போறப்ப ரத்தம் வருது. வீட்டுல சொல்லல” என்றான். செவ்வாய்க்கிழமை நானே கூட்டிக்கொண்டு போனேன். நேற்று ஃபோர்மேன் வந்து நின்றார், எல்லோரிடமும் கத்துகிறவர். மாடி ஏறினால் நெஞ்சைப் பிடிக்கிறதாம். அவரை வெல்டர் கூட்டிக்கொண்டு போகிறான். எங்கள் பட்டறை ஆஸ்பத்திரிக்கு ஆள் பிடிக்கிற இடமாகிவிட்டது.

வாயைத் திறந்தாகிவிட்டது, இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நீ ஊருக்குப் போகிற ஒவ்வொரு முறையும், ‘நாங்க சமாளிச்சுக்குவோம், நீ நிம்மதியா இரு’ என்பேன். சமாளித்தது நிஜம். ஆனால் உன்னை ஏற்றிவிட்டு வருகிற அன்றைக்கு என்னால் வீட்டுக்குள் உட்கார முடிந்ததே இல்லை. நேராகப் பட்டறைக்குப் போய்விடுவேன். சாப்பிடும்போது மூன்று தட்டு எடுத்துவிட்டு ஒன்றைத் திருப்பி வைப்பேன். ஒரு வாரத்துக்குப் பாப்பா அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருப்பாள். போனில் உன் முகம் தெரிகிற அந்தக் கால் மணி நேரத்துக்காக, அதற்கு முன்னால் தலை வாரிக்கொள்கிறேன். இதையெல்லாம் நீ ஒரு நாளும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

உன் ஒப்பந்தம் முடியப் பதினாலு மாதம் இருக்கிறது, முடித்துக்கொண்டே வா என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். இரண்டு காகிதம் கிழித்துவிட்டேன்.

எனக்கு நீ வேண்டும். வந்துவிடு.

உன்னவன்


ஜூன் 2

என்னங்க,

உங்கள் கடிதத்தை வார்டில் போர்வை அடுக்குகிற அறையில் நின்று படித்தேன். படித்து முடித்த கையோடு மேட்ரன் அறைக்குப் போனேன். எதிரில் இருந்த கண்ணாடியில்கூட முகம் பார்க்கவில்லை.

“ஆபரேஷன் அன்னிக்கு நீ கேட்டே, நான் விடல. அது எனக்கும் உறுத்திக்கிட்டுத்தான் இருக்கு” என்றார் மேட்ரன். “ஆனா இப்பதான் அவருக்குக் குணமாயிடுச்சே. இப்ப என்ன அவசரம்?”

“கூப்பிட்டிருக்காரு மேடம்.”

“கூப்பிட்டா?”

“பதினோரு வருஷத்துல இப்பதான் முதல் தடவையா கூப்பிட்டிருக்காரு.”

மேட்ரன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எத்தனை நாள் வேணும்?” என்று பேனாவை எடுத்தார்.

“நாள் கணக்கு இல்ல மேடம். நான் வீட்டுக்குப் போறேன்.”

விதிப்படி இன்னும் ஒரு மாதம் இருந்தாக வேண்டும். ஜூலை ஆறாம் தேதி காலை விமானம். இந்த ஒரு மாதத்தை எப்படித் தள்ளுவேன் என்று தெரியவில்லை. பதினோரு வருடம் தள்ளியவளுக்கு இது பெரிதா என்பீர்கள். பெரிதுதான். இனிமேல் எப்படி நடத்துவது என்பதை மூன்று பேரும் உட்கார்ந்து பேசிக்கொள்வோம். நம் ஊரிலும் ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன, அங்கேயும் ஆண்கள் வாயைத் திறக்காமல்தான் படுத்திருப்பார்கள்.

இத்தனை வருடமும் வாசலில் நின்று ‘போயிட்டு வர்றேங்க’ என்று சொல்லித்தான் எனக்குப் பழக்கம். இந்தத் தடவை பாதிதான் சொல்லப் போகிறேன்.

வர்றேங்க.

உங்களவள்