‘செ.’ போட்ட கோப்பை

ஜூலை 8, செவ்வாய்

காலை முதல் தூறல். ஹட்டனில் துணி காயவே இல்லை. மாதா கோயிலுக்குப் பின்னால், எச்.ஐ.வி. நோயாளிகளுக்காக சிஸ்டர் நடத்தும் இல்லத்தில் வழக்கமான வேலை: தேநீர், மாத்திரை, பத்திரிகை வாசித்துக் காட்டுதல். கோப்பைகள் மாறிவிடுகின்றன. கேட்டுக்கு அடித்த பச்சை பெயின்ட் மிச்சம் இருந்தது. நோயாளிகளின் கோப்பைகளில் முதல் எழுத்துப் போட்டேன். நாகம்மாவுக்கு நா., செல்வராணிக்கு செ. எழுத்து அழகாகவே வந்தது.

ஜூலை 9, புதன்

மழை. செல்வராணி (பூண்டுலோயாப் பெண், முப்பது வயதிருக்கும்) தேநீரைத் தொடவில்லை. மாத்திரையும் வேண்டாமாம்.

“ஏம்மா, சீனி பத்தலையா?”

“சீனி சரியாத்தாங்க இருக்கு மாஸ்டர். எழுத்துதான் கசக்குது.”

விளங்கவில்லை. சிரித்துவைத்தேன். மடத்தனம்.

பிறகு சிஸ்டர் சொன்னார். தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் மாமியார் இவளுடைய கோப்பைக்கு மட்டும் பொட்டு வைத்து, வாசலுக்கு வெளியே ஆணியில் மாட்டியிருந்தாராம். மாத்திரையை நிறுத்தினால் உடம்பு தாங்காது என்றும் சொன்னார்.

ஜூலை 10, வியாழன்

கொஞ்சம் வெயில். மூக்குக்கண்ணாடிக்கு நூல் கட்டினேன்.

செ.யிடம் விளக்கப் போனேன். “கலந்துபோகாம இருக்கத்தாம்மா எழுதினேன்.”

“கலந்தா என்னங்க?”

பக்கத்துக் கட்டிலில் நாகம்மா: “விடுடி. வாத்தியாருக்கு எதுலயாவது பேர் எழுதாட்டி கை ஊறும்.”

செ. சிரிக்கவில்லை. “உங்க கோப்பையில என்னா எழுத்துங்க?”

என் கோப்பை பைக்குள். வீட்டிலிருந்து கொண்டுவருவது. கோப்பையால் இது பரவாது என்று கோயில் இளைஞர்களுக்கு வகுப்பு எடுத்தவன் நான். பிறகு ஏன் கொண்டுவருகிறேன்? பழக்கமா? அப்படித்தான் நினைத்திருந்தேன்.

ஜூலை 11, வெள்ளி

செ. உடுப்புப் பையைக் கட்டிவிட்டாள். நாளை பஸ்ஸில் ஊருக்காம். சிஸ்டர் பேசியும் கேட்கவில்லை. மண்ணெண்ணெய் தொட்டு எழுத்துகளையெல்லாம் சுரண்டினேன். இதுவும் பிழையோ? யாரிடம் கேட்பது?

ஜூலை 12, சனி

பனிமூட்டம். என் கோப்பையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன். தேநீர்த் தட்டை நீட்டினேன். செல்வராணி ஒவ்வொரு கோப்பையாகத் திருப்பிப் பார்த்தாள். ஒன்றை எடுத்து ஒரு வாய் குடித்தாள். முகம் சுளித்தாள்.

“மண்ணெண்ண நாறுது மாஸ்டர். நீங்களே குடிச்சுப் பாருங்க.”

அதே கோப்பையை நீட்டினாள். நாகம்மா எழுந்து உட்கார்ந்தாள்.

குடித்தேன். நாறத்தான் செய்தது. பயம் இல்லை என்று சொல்லமாட்டேன்.

செல்வராணி கோப்பையைத் திரும்ப வாங்கிக்கொண்டு, “மாத்திரை எங்கங்க?” என்றாள்.