மூன்று பெட்டித் தோட்டா

அஜின்கோர்ட்
11 ஒக்டோபர் 1998

என் செல்லப் பிள்ளை கௌசிக்கு,

அப்பா சுகம். நீ சுகமா என்பதைக் கார்ட் பில்லைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். போனில் "ஓம் அப்பா, ஓம் அப்பா" என்று இரண்டு நிமிடத்தில் வைத்துவிடுகிறாய். என் கணக்கில் உனக்கு எடுத்துத் தந்த கார்டுக்கு மாதம் ஒருமுறை வருகிற பில்தான் எனக்கு உன் கடிதம். சப்பாத்து வாங்கியிருக்கிறாய், நல்லது. ஒரே கிழமையில் மூன்று தரம் பீட்சாவா? வயிறு என்னத்துக்காகும்! அம்மா போய்ச் சேர்ந்து, நீயும் படிக்கப் போன பிறகு, இந்த வீட்டில் எனக்கு வாசிக்க வேறென்ன இருக்கிறது?

ஆனால் ஒரு கடையின் பெயர் மூன்று தரம் வந்திருக்கிறது. மேல்வீட்டு மகேஸ்வரனிடம் காட்டினேன். "அண்ணை, உது துவக்குத் தோட்டா விக்கிற கடையெல்லோ" என்றான்.

நாங்கள் இங்கே வர முதல், தொண்ணூற்றியொன்றில் ஊரில், ரோச் லைற்றுக்குப் பற்றறி வாங்கிய, என் பெயர் போட்ட கடைத் துண்டு ஒன்று சட்டைப்பையில் இருந்ததற்காக, குண்டு செய்யவோ என்று கேட்டு ஆமி சோதனைச் சாவடியில் பிடித்து, பதினொரு நாள் வைத்திருந்தார்கள். பெயரும் சாமானும் ஒரே துண்டில் இருந்தால் அவ்வளவும் போதும், பிள்ளை. இது என்ன விஷயம்? உடனே எழுது.

அன்புடன்,
அப்பா

*

தண்டர் பே
20 ஒக்டோபர் 1998

அன்புள்ள அப்பாவுக்கு,

பயப்பட ஒன்றுமில்லை. இது ஒரு விளையாட்டு. பனியில் சறுக்கி ஓடி, மூச்சு வாங்க வாங்கப் படுத்து, ஐந்து சின்ன வட்டங்களைச் சுட வேண்டும். துவக்கு கிளப்பினுடையது. பயிற்சிக்கான தோட்டாவை நாங்கள்தான் வாங்க வேண்டும். மூன்று தரமும் ஒவ்வொரு பெட்டி வாங்கினேன். காசாகக் கொடுத்து உங்களுக்குத் தெரியாமல் முடித்திருப்பேன். அந்தக் கடையில் தோட்டாவுக்குக் காசு எடுக்க மாட்டார்கள், கார்ட் மட்டும்தான். பெயர், விலாசம் எல்லாம் கொப்பியில் எழுதித்தான் தருவார்கள். எல்லாருக்கும் அப்படித்தான்.

சொல்லாமல் விட்டது என் பிழை. ஆனால் நான் தின்கிற பீட்சாவையும் எண்ணுகிறீர்களே அப்பா, வெட்கமாக இருக்கிறது. எனக்கு இருபது வயது. கேட்டால் சொல்கிறேன், பில்லைத் துருவ வேண்டாம்.

நவம்பர் 21 காலை மாகாண அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். அதுவரை கார்டை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். இந்த நாட்டில் முதல் தடவையாக நான் ஒன்றில் கெட்டிக்காரி.

உங்கள் கௌசி

*

தண்டர் பே
23 நவம்பர் 1998

அப்பா,

வெள்ளி பின்னேரம் தோட்டா வாங்கப் போனேன். களவு போன கார்ட் என்று வங்கி சொன்னதாம். கடைக்காரர் கார்டைத் திருப்பித் தரவில்லை. பொலிஸ் வந்தது. அப்பாவின் கார்ட் என்று சொல்லி உங்கள் நம்பரை நானே கொடுத்தேன். ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும் என்று சிரித்துக்கொண்டுதான் கொடுத்தேன். உங்களோடு கதைத்துவிட்டு வந்தவரின் முகம் மாறியிருந்தது.

இரவு முழுக்க பொலிஸ் நிலையத்தில் வைத்திருந்து, அடுத்த நாள் மத்தியானம் பயிற்சியாளர் வந்து பேசித்தான் வெளியே விட்டார்கள். போட்டி முடிந்துவிட்டது.

பயத்தில் களவு என்று சொல்லியிருப்பீர்கள், அது விளங்குகிறது. போனில் என்ன சொன்னீர்கள்? இங்கே யாரும் எனக்குச் சொல்லவில்லை.

கௌசி

*

அஜின்கோர்ட்
4 டிசெம்பர் 1998

என் பிள்ளைக்கு,

எழுதி எழுதிக் கிழிக்கிறேன். உன் பெயர் அந்தக் கொப்பியில் இன்னொரு தரம் ஏறக்கூடாது என்றுதான் வங்கிக்குப் போன் பண்ணினேன். சும்மா நிறுத்தச் சொன்னால் காரணம் கேட்பார்களே என்று, களவு போய்விட்டது என்றேன்.

பொலிஸ்காரர் மரியாதையாகத்தான் பேசினார். தோட்டா என்றார், உன் பெயரைச் சொன்னார், உங்கள் மகளா என்று கேட்டார். எனக்கு மகள் இல்லை என்று சொன்னேன். அவர் திருப்பிக் கேட்டார். திருப்பியும் அதையே சொன்னேன். ஊரில் அடி வாங்கிய அந்தப் பதினொரு நாளும் உன் பெயரைச் சொல்லிச் சொல்லித்தான் விடச்சொல்லிக் கெஞ்சினேன், கௌசி. இங்கே என்னை ஒருவரும் தொடக்கூட இல்லை.

என்னை ஏசி என்றாலும் நாலு வரி எழுது.

அப்பா

*

அஜின்கோர்ட்
31 ஜனவரி 1999

கௌசிக்கு,

போன் எடுத்தால், உன் நம்பர் மாறிவிட்டதாக ஒரு ரெக்கோடிங் குரல் சொல்கிறது. நீ எழுதவுமில்லை.

மகேஸ்வரனைக் கொண்டு தண்டர் பே பொலிசுக்கு இங்கிலீசில் ஒரு கடிதம் எழுதுவித்தேன். கௌசி என் மகள், கார்டைக் கொடுத்தது நான், பொய் சொன்னதும் நான் என்று. என் முழுப்பெயர், விலாசம், வேலை இடம் எல்லாம் போட்டுக் கையொப்பம் வைத்தேன்.

பத்து நாளில் பதில் வந்தது. நீ என் மகள்தான் என்று குறித்துக்கொண்டார்களாம், உன்மேல் ஒன்றும் இல்லையாம். அவர்கள் நம்பிவிட்டார்கள், பிள்ளை.

அப்பா