செல்வி தன்னை வரைந்த கதை

என் அருமை அக்கா, மாதனூரின் முடிசூடா மகாராணியே,

உலகத்தில் ஒருவரும் நம்ப மாட்டாத ஒரு கதையை இன்று உனக்குச் சொல்வேன் என்று பாலாற்று மணல் மீது ஆணையிடுகிறேன். மணல் எங்கேடா இருக்கிறது என்று கேட்காதே. மிச்சம் இருக்கிற மணல் மீது.

ஷூ கம்பெனியில் கழித்துப் போட்ட கறுப்புத் தோல் துண்டுகளை நீ கேட்டு வாங்கி வருவாயே, நினைவிருக்கிறதா? தோலில் குறி போடும் சில்வர் பேனாவும் கூட வரும். சாயங்காலம் கம்பெனி பஸ் உன்னை இறக்கிவிட்டதும் டீ. டீ முடிந்ததும் கதை. அதற்கு நீ போட்ட சட்டம் ஒன்றுதான். கதை சொல்கிறவர் முதலில் தன்னை வரைய வேண்டும். பிறகு படத்தில் விரலை வைத்து, "இது நான்" என்று ஆரம்பிக்க வேண்டும்.

நீ உன்னைத் தையல் மிஷினுக்குப் பின்னால் இரண்டு கண்ணாக மட்டும் வரைவாய். நான் என்னை மலையாக வரைவேன்.

"இன்னாடா இது? இதுல நீ எங்க?"

"மேகத்துக்கு மேல பாருக்கா. மீசை தெரியும்."

நீ போன பிறகு உன் மகள் செல்வி அந்தப் பேனாவைத் தொடவில்லை. உன் பேச்சு வந்தாலே எழுந்து போய்விடுவாள். கடைசிக் காலையில் காலேஜ் டூருக்காக உன்னோடு சண்டை போட்டுக்கொண்டு, டாட்டா காட்ட வாசலுக்கு வராமல் இருந்துவிட்டாள். மதியம் நீ மிஷின் முன்னாலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாய். அந்தக் காலையைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசாமலே கரைந்துபோய்விடுவாளோ என்று எனக்குப் பயம்.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் எதிரில் ஒரு துண்டை விரித்து அந்தக் காலையை வரைந்தேன். கம்பெனி பஸ்ஸைச் சுண்டுவிரலில் தூக்கிக்கொண்டு நான். அதில் ஏறுகிற நீ. செல்வி எட்டிப் பார்த்தாள்.

"மாமா, அன்னைக்கு நீ எதிர்ல டீக்கடையிலதான இருந்த?"

"டீ குடிச்சிக்கினேதான் தூக்கினேன்."

"புளுகறதுக்கும் ஒரு அளவு இருக்குது. குடு இப்டி."

பேனாவைப் பிடுங்கினாள். நம் வீட்டு ஜன்னல், ஜன்னல் சீலை, சீலைக்குப் பின்னால் அரை முகம். மிச்ச முகத்தை வரையாமல் பேனா அங்கேயே நின்றது. பிறகு விரலை வைத்தாள்.

"இது நான். கோவம், அதான் வாசலுக்கு வரல. ஆனா சீலைய விலக்கிப் பாத்துட்டுதான் இருந்தேன். அம்மா திரும்பிச்சு. நான் டக்குனு மறைஞ்சிட்டேன்." படத்திலிருந்து விரலை எடுக்காமலே கேட்டாள்: "நான் நின்னது அம்மாவுக்குத் தெரியுமா மாமா?"

அக்கா, புளுகியே வயிறு வளர்த்தவனிடம் கேட்கிற கேள்வியா இது? நிஜத்தைச் சொன்னால் யார் நம்புவார்கள்?

எனக்குத் தெரிந்த வித்தையைச் செய்தேன். அவள் படத்துக்குப் பக்கத்தில் உன் முகத்தை வரைந்தேன். சீலை அசைந்ததைப் பார்த்து நீ சிரித்தாய், அந்தச் சிரிப்பில் டிரைவர் மயங்கி விழுந்தார், பாலாறு இரு கரையும் புரண்டு வந்தது, பள்ளிகொண்டா பெருமாள் தூக்கம் கலைந்து எழுந்து உட்கார்ந்தார் என்றேன். அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையானது.

"இதுல எது மாமா நெஜம்?"

அவள் காதில் சொன்னேன். அந்தத் துண்டை எடுத்துப்போய்க் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டாள். இப்போது தினமும் வரைகிறாள். "இது நான்" என்று ஆரம்பித்தால் நிறுத்த ஆளில்லை. படம் கம்மி, பேச்சு ஜாஸ்தி. உன் ரத்தம்.

அவள் சொல்கிற வரைக்கும் உட்கார்ந்து கேட்பேன் அக்கா, இது சத்தியம். என்னையும் இனி ஆள் உயரத்துக்கே வரைவேன். மீசைக்கு மட்டும் கொஞ்சம் சலுகை கொடு.

பஸ்ஸை நான் தூக்கவில்லை. பாலாறு வரவில்லை. பெருமாள் படுத்தபடியேதான் இருக்கிறார். ஆனால் சீலை அசைந்தது, நீ பார்த்தாய், சிரித்தாய். அதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

டீ கிளாஸோடு எதிரில் நின்றிருந்த,
உன் தம்பி