டிக்கெட் எடுக்காமல் வீட்டுக்குள் வந்தவன்

என் உயிரான ஜெனி அப்பாவுக்கு,

இங்கே அந்தமானில் காலையிலிருந்து கடல் சரியில்லை. ஹட் பே தீவுக்குப் போகிற கப்பலை ரத்து செய்துவிட்டார்கள், கவுண்டரில் எனக்கு வேலை இல்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். நீங்கள் உயிரோடு இருந்தபோதே உங்களுக்கு நான் ஒரு கடிதம் எழுதினதில்லை. இப்போது எழுதினால் மட்டும் பதில் போட்டுவிடப் போகிறீர்களா என்ன?

கவுண்டர் என்றதும் முழிக்காதீர்கள். நீங்கள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பிறகு, கப்பலில் நீங்கள் பார்த்த வேலைக்குப் பதிலாக எனக்கு ஃபீனிக்ஸ் பே துறைமுகத்தில் டிக்கெட் கொடுக்கிற வேலை கிடைத்தது. எந்தத் தீவுக்கு யார் போனாலும் என் முகத்தில் முழிக்காமல் போக முடியாது. எனக்குத் தெரியாமல் ஒரு புது ஆள் நம் பிள்ளை பக்கத்தில் வர முடியாது என்று நான் கொஞ்சம் மிதப்பாகத்தான் இருந்தேன்.

இன்னொரு அதிசயம் சொல்கிறேன், கேளுங்கள். மெயின்லேண்டிலிருந்து கடலுக்கு அடியிலேயே கேபிள் இழுத்து நெட் கொண்டுவந்துவிட்டார்கள். உங்கள் காலத்தில் ஒரு போட்டோ அனுப்பினால் உலையில் சோறு வெந்துவிடும், போட்டோ போயிருக்காது. இப்போது தூத்துக்குடியில் உங்கள் அக்கா தும்மினால் இங்கே போனில் பார்க்கிறேன். அவ்வளவு தண்ணீருக்கு அடியில் எப்படித்தான் வருகிறதோ! நினைத்தால் இன்னும் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

அந்த வழியாகத்தான் பிரியா வந்தாள்.

ஜெனிக்குப் பதின்மூன்று வயது முடிந்துவிட்டது. போனில் ஒரு விளையாட்டு விளையாடுவாள். அதில் கூட விளையாடுகிறவர்களோடு எழுதிப் பேசலாம். பிரியா அப்படி வந்த தோழி. அதே வயதாம், தமிழ்ப் பிள்ளையாம், ஹட் பேயாம். முகம் பார்க்காத ஆளோடு என்ன பேச்சு என்று முதலில் கத்தினேன். ஹட் பே என்று சொன்னாளோ இல்லையோ, அடங்கிவிட்டேன். ஹட் பே பிள்ளை என்றால் நம் பிள்ளை மாதிரிதானே? எந்த ஊர் என்று கேட்டோம், யார் என்று கேட்கவில்லை. தீவுக்காரர்களான நமக்கு இது ஒரு வியாதி.

அதோடு விட்டேனா? முந்திரிக்கொத்து செய்து, பிரியா என்று பேர் எழுதி, உங்கள் சிநேகிதர் அந்தோணி அண்ணன் கையில் கொடுத்தனுப்பினேன். கப்பலில் போகிறவர் கையில் கொடுப்பதும், அங்கே கப்பல் வந்து நிற்கிற ஜெட்டியில் வந்து வாங்கிக்கொள்வதும் நமக்கு என்ன புதுசா? பிரியாவும் வருகிறேன் என்று ஜெனிக்கு எழுதியிருந்தாள்.

அடுத்த நடையில் அந்தோணி அண்ணன் பொட்டலத்தை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தார்.

"கோயி நஹி ஆயா, ஜெனி அம்மா, யாருமே வரல. ஜெட்டி காலியாகுற வரைக்கும் நின்னேன். கடைக்காரங்க, ஸ்கூல் பிள்ளைங்க எல்லார்கிட்டயும் விசாரிச்சேன். அப்படி ஒரு பிள்ளையே அங்க இல்லையாம்."

என் புத்தியைப் பாருங்கள். பாவம், காய்ச்சலாக இருக்கும், அண்ணன் சரியாக விசாரித்திருக்க மாட்டார் என்று மறுபடியும் கட்டி அனுப்பப் பார்த்தேன். ஜெனி பொட்டலத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். வேண்டாம்மா என்றாள். அதன் பிறகு சரியாகச் சாப்பிடவில்லை, பேசவில்லை, போன் சத்தம் கேட்டால் திடுக்கிட்டாள். நான் பரீட்சைப் பயம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு சாயங்காலம் நான் மீன் கழுவிக்கொண்டிருந்தபோது வந்து போனை நீட்டினாள்.

"அம்மா, நான் விழுந்துட்டேன். முதல்ல தூக்கு. அப்புறம் திட்டு."

எனக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. பிறகு உங்கள் குரலே கேட்டது. கப்பலிலிருந்து ஒருவன் கடலில் விழுந்தால், எப்படி விழுந்தாய், ஏன் அங்கே நின்றாய் என்று யாரும் கேட்க மாட்டோம், முதலில் தூக்குவோம், கேள்வியெல்லாம் அவன் துணி மாற்றின பிறகுதான் என்று அவளை மடியில் வைத்துக்கொண்டு சொல்வீர்களே. அப்போது ஏழு வயதுப் பிள்ளை, அதை இத்தனை வருஷம் எங்கே வைத்திருந்தாள்?

பிரியா பெண்ணே இல்லை. எங்கேயோ இருக்கிற ஒரு ஆண். ஜெனி அந்தமான் என்று சொன்னதும் வரைபடத்தைப் பார்த்து ஹட் பே என்று சொல்லியிருக்கிறான். யூனிஃபார்மில் அவள் சிரித்துக்கொண்டிருக்கிற ஒரு போட்டோவை வாங்கியிருக்கிறான். பொட்டலம் திரும்பி வந்ததும் இவள் நீ யார் என்று கேட்க, முகமூடியைக் கழற்றிவிட்டான். வேறு மாதிரிப் படம் கேட்டிருக்கிறான். அனுப்பாவிட்டால் இந்த முகத்தையே அசிங்கமான உடம்பில் ஒட்டி ஊர் முழுக்க அனுப்புவேன், அம்மாவிடம் சொன்னால் தொலைத்துவிடுவேன் என்று மிரட்டியிருக்கிறான். இவள் அனுப்பவில்லை. வந்து சொல்லிவிட்டாள்.

என் கோபம் உங்களுக்குத் தெரியும். போனைக் கடலில் வீச வேண்டும், இவளுக்கு நாலு வைக்க வேண்டும் என்று கை துடித்தது. அவள் சொன்ன அந்த ஒரு வார்த்தை என்னை உட்காரவைத்துவிட்டது. மீன் கையோடு அப்படியே கட்டிக்கொண்டேன். நாறுதும்மா என்று சொல்லிக்கொண்டே அழுதாள்.

மறுநாள் காலையிலேயே போலீசுக்குப் போனோம். நல்லவேளை, அவள் எதையும் அழிக்கவில்லை. அவன் எழுதியதை எல்லாம் படம் எடுத்துக்கொண்டு, பிறகு அவன் செய்தி எதுவும் வராதபடி போனில் அடைத்தார்கள். அங்கே இருந்த பெங்காலி மேடம் என்னைப் பார்க்கவே இல்லை, ஜெனியைத்தான் பார்த்தார். "தும்னே பதாயா, பஹுத் அச்சா கியா" என்றார். நீ சொன்னாயே, அதுதான் பெரிய விஷயம் என்று. போனைப் பிடுங்கிவிடாதே, பிடுங்கினால் அடுத்த தடவை உன்னிடம் சொல்ல மாட்டாள் என்று எனக்கும் இந்தியில் ஒரு குட்டு வைத்தார். அவன் இன்னும் அகப்படவில்லை. எந்த ஊரோ, எத்தனை பேரோ.

போன ஞாயிறு பூசை முடிந்ததும் மாதா கோயில் முற்றத்தில் அப்பா அம்மாக்களைக் கூட்டினேன். நான் பேசுவதாகத்தான் இருந்தது. ஜெனி எழுந்துவிட்டாள். யாரோ ஒரு பிள்ளைக்கு நடந்தது என்று சொல் என்று காதில் சொன்னேன். கேட்டாளா? எனக்கு நடந்தது என்றே ஆரம்பித்தாள். இதை உங்களுக்கு எழுதவும் அவள்தான் சொன்னாள்.

வலை இழுத்துக் காய்த்துப்போன கைகள் அவள் முன்னால் போனை நீட்டின. தெரியாத ஆள் செய்தி அனுப்ப முடியாமல் எப்படி அடைப்பது, எந்த ஊர் என்பதைக் காட்டாமல் எப்படி மறைப்பது என்று ஒவ்வொருவருக்கும் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாள். பிள்ளை சொல்ல வந்தால் முகத்தைச் சுளிக்காதீங்க, பயமா இருக்கும் என்றாள். அந்தோணி அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் பெற்ற பிள்ளையா இது என்று பிரமித்துப்போய் நின்றேன்.

வீட்டுக்கு நடந்து வரும்போது கேட்டாள்.

"அந்த போட்டோ இன்னும் அவன்கிட்ட இருக்குமாம்மா?"

பொய் சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. இருக்கலாம் என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டாள்.

"இருந்தா இருக்கட்டும். அதுல நான் சிரிச்சுட்டுத்தான இருக்கேன். தலை குனியவேண்டியது அவன்."

நான் அங்கேயே நின்றுவிட்டேன், ஜெனி அப்பா. அவள் எனக்கு முன்னால் போய்க்கொண்டே இருந்தாள்.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். நாளைக்கே அந்த முகத்தை எதிலாவது ஒட்டி யாராவது அனுப்பி, ஊர் அவளை ஒரு மாதிரி பார்த்தாலும், நான் அவளை வீட்டுக்குள் ஒளித்துவைக்க மாட்டேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு அதே தெருவில், பட்டப்பகலில் நடப்பேன்.

உங்கள் மகளை அண்ணாந்து பார்க்கிற,
ஜெனி அம்மா