இடது காது உனக்கு, வலது காது எனக்கு

மக்கா,

இன்று இரணியலில் பஸ்ஸுக்கு நிற்கும்போது பேக்கில் சில்லறை துழாவினேன். உன் இயர்போன் கையில் வந்தது. ஒயர் முழுக்கச் சிக்கு. நெய்யூர் ஆஸ்பத்திரியில் நீ தந்ததிலிருந்து தொடவே இல்லை.

நான் இஞ்சினியரிங்கைப் பாதியில் விட்டு வந்தபோது ஏன் என்று கேட்காத ஒரே ஆள் நீ. "கோயில் பாட்டுக்குழுவுல பாட வாறியா? கனத்த பேஸ் குரலுக்கு ஆளில்ல" என்றாய். அவ்வளவுதான். கோட்டாறுக்குப் பயிற்சிக்குப் போகும் பஸ்ஸில் நீ ஜன்னலோரம், நான் உனக்கு வலப்பக்கம். ஒரே இயர்போன், ஆளுக்கு ஒரு காது. ஈஸ்டருக்கு நாம் பாட வேண்டிய லத்தீன் பூசைப்பாட்டு, வெளிநாட்டுக் குழு ஒன்று பாடிய பதிவு. 'ஆண்டவரே இரக்கமாயிரும்' வந்ததும் சண்டை.

"அழுதாளுவ கேட்டியா. வயலின் அடியில கெடந்து நடுங்குது" என்பாய்.

"எங்கல வயலின்? ஒருத்தனும் அழல. கல்லு மாதிரி நிக்கானுவ."

"செவிடாலே நீ?"

முன்சீட்டு அக்கா திரும்பிப் பார்ப்பார். "ரெண்டுபேரும் எறங்கிப்போய் அடிச்சுக்கிடுங்க."

நாமும் கெஞ்சித்தான் பாட வேண்டும் என்றாய். நிமிர்ந்து பாட வேண்டும் என்றேன். கடைசியில் சொன்னாய்: "ஒனக்கு நெஞ்சுக்குள்ள ஒண்ணுமே இல்லலே." அது தைத்தது. அடுத்த வாரம் மஞ்சள் காமாலை முற்றிக் கட்டிலில் கிடந்தாய். இயர்போனை நீட்டி, "இனியாவது ஒழுங்கா கேளு" என்றாய். ஈஸ்டர் வரும்போது நீ இல்லை.

இன்றைக்குத்தான், பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, முதல்முறையாக இரண்டு காதிலும் மாட்டினேன். இடது காதில் வயலினும் பெண்களும். வலது காதில் ஆண்களும் பெரிய செல்லோ வாத்தியங்களும். அப்படிப் பிரித்துத்தான் பதிவு செய்திருக்கிறார்கள். இடம் மாறி உட்கார்ந்து கேட்க இரண்டு மடையனுக்கும் ஒருநாளும் தோன்றவில்லை.

பெண்கள் கெஞ்சுகிறார்கள் மக்கா. நீ சொன்ன அதே நடுக்கம். கீழே ஆண்கள் அசையாமல் நிற்கிறார்கள். அவர்கள் நிற்பதால்தான் அந்த அழுகை விழாமல் இருக்கிறது.

சொல்லத் திரும்பினேன். ஜன்னலோரம் ஓர் அண்ணாச்சி வாழைக்குலையைக் காலிடுக்கில் வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.

மாலை பயிற்சியில் நிமிர்ந்துதான் பாடினேன். அதில் மாற்றமில்லை. ஆனால் என் இடப்பக்கம் யாரோ அழுகிறார்கள் என்று தெரிந்து பாடினேன்.